கடலுக்கு 'உள்ளே' எந்தப் பக்கம்?

சில வருடங்களுக்கு முன் ஒரு கடற்கரைப் பாதுகாப்பு அறிவிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம்தான். காற்றடைத்த மிதவைகளில் குழந்தைகளை உட்காரவைத்துக் கடலில் விடுகிறவர்களுக்கான எச்சரிக்கை. ஆஃப்ஷோர் விண்ட் இருக்கும் நேரத்தில் மிதவையைத் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் இப்படி எழுதினேன்: "கடலிலிருந்து காற்று வீசும்போது மிதவையைத் தண்ணீரில் இறக்காதீர்கள்."

அச்சுக்குப் போகும் முன் அதைச் சரிபார்க்க ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். சரக்குக் கப்பல்களில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று மாலையே போன் செய்தார்.

"தம்பி, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்குங்க. குறுக்கே ஒரு கோடு போடுங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலம், அந்தப் பக்கம் கடல். கடல் பக்கம் ஒரு புள்ளி வைங்க. அதுதான் மிதவையில இருக்கிற குழந்தை. இப்ப நீங்க எழுதின காற்றுக்கு அம்புக்குறி போடுங்க."

போட்டேன். கடலில் தொடங்கி நிலத்தைப் பார்த்து ஓர் அம்பு.

"அந்தக் காற்று குழந்தையை எங்க கொண்டுபோய் விடும்?"

"கரைக்கு, சார்."

"அப்புறம் எதுக்கு எச்சரிக்கை?"

அம்பு நேர் எதிராக இருந்திருக்க வேண்டும். காற்றைப் பற்றிப் பேசும்போது ஆஃப்ஷோர் என்றால் கரையை விட்டுக் கடலை நோக்கிப் போகிற காற்று. அது மிதவையைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போகும். நான் எழுதியபடி அச்சாகியிருந்தால், உண்மையில் ஆபத்தான நாளில் ஒரு தாயோ தகப்பனோ அறிவிப்பைப் படித்துவிட்டு, காற்று நிலத்திலிருந்துதானே வருகிறது என்று நிம்மதியாகக் குழந்தையை இறக்கியிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

எப்படித் தவறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய சில மாதங்கள் முழுக்க மின்சாரத் துறை அறிக்கைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஆஃப்ஷோர் விண்ட் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனால் அங்கே அதற்குப் பொருள், கடலுக்குள் நிறுத்திய காற்றாலைகளில் எடுக்கும் மின்சாரம். டென்மார்க்கில் 1991இல் 11 காற்றாலைகளோடு தொடங்கிய விண்டபி பண்ணைதான் அந்த வகையில் உலகின் முதலாவது. அந்த வழக்கில் ஆஃப்ஷோர் என்பது இடம்: கரைக்கு அப்பால், கடலில் இருப்பது. கடற்கரை அறிவிப்பில் அதே சொல் திசை: கரையை விட்டு விலகிப் போவது. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் கிடையாது. பழக்கதோஷத்தில் கை தானாக 'கடல்' என்று எழுதிவிட்டது.

அன்றிலிருந்து அந்த ஓய்வு பெற்ற அதிகாரி சொல்லிக்கொடுத்த கோடும் புள்ளியும் என் மேசையை விட்டுப் போகவில்லை. கரை சம்பந்தப்பட்ட எந்த ஆங்கிலச் சொல் வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன். இது இருப்பதைச் சொல்கிறதா, போவதைச் சொல்கிறதா? சொல்கிறவர் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்? கூடவே அவர் என்னிடம் கேட்ட கேள்வியும் உண்டு: நான் எழுதியது சரியென்றால் இந்த வாக்கியத்துக்கு இங்கே என்ன வேலை? எச்சரிக்கை எச்சரிக்கையாக இல்லாவிட்டால் திசை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம்.

காற்றில் குழப்பம் அதிகம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வெஸ்டர்லி விண்ட் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. சீ பிரீஸ் என்றால் கடலிலிருந்து வரும் காற்று. இவை இரண்டுக்கும் பெயர் வைத்தது புறப்பட்ட இடத்தைப் பார்த்து. ஆனால் ஆன்ஷோர், ஆஃப்ஷோர் இரண்டுக்கும் பெயர் வைத்தது போகும் பக்கத்தைப் பார்த்து. ஆகவே பகலில் கடலிலிருந்து வரும் சீ பிரீஸ்தான் ஆன்ஷோர் காற்று. இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் லேண்ட் பிரீஸ்தான் ஆஃப்ஷோர் காற்று. நீரோட்டத்துக்கு வந்தால் கதை மறுபடி மாறுகிறது: வெஸ்டர்லி கரண்ட் என்றால் மேற்கு நோக்கிப் போகிற நீரோட்டம். ஒரே அடைமொழி, காற்றுக்கு ஒரு பக்கம், தண்ணீருக்கு எதிர்ப்பக்கம். தமிழில் எழுதும்போது 'மேற்குக் காற்று', 'மேற்கு நீரோட்டம்' என்று சுருக்கினால் அதே குழி நமக்கும் காத்திருக்கிறது. 'மேற்கிலிருந்து', 'மேற்கு நோக்கி' என்று முழுசாக எழுதிவிடுவது நல்லது. நாலு எழுத்து கூடினால் பரவாயில்லை.

ஆஃப்ஷோர் காற்றின் தந்திரம் இன்னொன்று உண்டு. கரையில் நிற்பவருக்கு அன்று கடல் சாதுவாகத் தெரியும். நிலமும் கட்டடங்களும் காற்றைத் தடுப்பதால் கரையை ஒட்டிய தண்ணீர் தட்டையாக, அலையில்லாமல் இருக்கும். கொஞ்சதூரம் போன பிறகுதான் காற்றின் முழு பலம் மிதவையைப் பிடிக்கும். அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் ஆஃப்ஷோர் காற்றை ஆசையோடு எதிர்பார்ப்பார்கள். எதிரே வந்து அலையின் முகத்தைச் சீராக நிமிர்த்திப் பிடிப்பது அந்தக் காற்றுதான். ஒருவருக்கு வரம், இன்னொருவருக்கு எமன். பிரிட்டனில் 1824இலிருந்து இயங்கும் ஆர்.என்.எல்.ஐ. என்கிற உயிர்காப்பு அமைப்பு, இந்தக் காற்றுள்ள நாள்களில் கடற்கரையில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பையை, அதாவது காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயை, பறக்கவிடுகிறது. அது பறந்தால் மிதவைகளோடு கடலில் இறங்கக் கூடாது. சொல் புரியாதவருக்கும் நிறம் புரியும்.

இனி 'உள்ளே', 'வெளியே' சங்கதிக்கு வருகிறேன். என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான்.

ஆங்கிலத்தில் படகு 'அவுட்' டு சீ போகும், திரும்பி 'இன்' வரும். ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, ஏறினால் டைட் 'இன்' வருகிறது, வற்றினால் 'அவுட்' போகிறது. கரைக்கு அருகே உள்ள கடல் 'இன்'ஷோர். நிலத்தின் நடுப்பகுதி 'இன்'லேண்ட். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே படம்: நிலம்தான் வீடு, கடல் வாசலுக்கு வெளியே இருக்கிறது.

நாம் எப்படிச் சொல்கிறோம்? கடலுக்குள் போனான். கடலுக்கு உள்ளே பத்துக் கிலோமீட்டர் தள்ளி. அலை பின்வாங்கி மணல் தெரிந்தால், 'கடல் உள்வாங்கியது' என்கிறோம். அதையே ஆங்கிலக்காரர் பார்த்தால் தண்ணீர் 'வெளியே' போயிற்று என்பார். நிகழ்வு ஒன்று, நமக்கு உள், அவர்களுக்கு வெளி. தமிழில் கடலுக்கே ஓர் உள் இருக்கிறது. தண்ணீர் தன் உள்ளே போகிறது, மனிதனும் அதன் உள்ளே போகிறான்.

இது தெரியாமல் சொல்லுக்குச் சொல் எழுதினால் என்ன ஆகும்? 'ஓதம் வெளியேறும் நேரத்தில் நடந்து கடக்கலாம்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். ஒரு தீவுக்குத் தரைவழியாக நடந்துபோகும் பாதை பற்றிய குறிப்பு அது. படித்த சிலரிடம் விசாரித்தேன். கடல் கரைக்கு வெளியே வருகிறது, அதாவது ஊர்ப்பக்கம் வருகிறது என்று புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். தண்ணீர் ஏறும் நேரத்தில் நடுப்பாதையில் மாட்டிக்கொள்வதற்கு இது போதும். 'கடல் உள்வாங்கும் நேரத்தில்' அல்லது 'தண்ணீர் வற்றும் நேரத்தில்' என்று எழுதினால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. 'இன்', 'அவுட்' வரும் இடத்தில் அகராதியைத் திறக்காதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தாளில் போட்டுப் பாருங்கள். பிறகு தமிழ் அதை எப்படிச் சொல்லும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலத்திலேயே தெளிவான சொற்களும் உண்டு. சீவர்ட் என்றால் கடல் பக்கமாக, லேண்ட்வர்ட் என்றால் நிலத்தின் பக்கமாக. யார் எங்கே நின்று சொன்னாலும் பொருள் மாறாது. நீங்களே ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தால், ஆபத்து சம்பந்தப்பட்ட இடங்களில் இவற்றைப் பயன்படுத்தச் சொல்வேன்.

யார் எங்கே நிற்கிறார் என்பதால் பொருளே புரண்டுபோவதற்கு லீ என்ற சொல்லைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. லீ என்றால் காற்று போய்ச் சேரும் பக்கம். மேற்கிலிருந்து காற்றடிக்கும் ஒரு தீவை நினைத்துக்கொள்ளுங்கள். தீவில் வாழ்பவருக்குக் கிழக்குப் பக்கம்தான் லீ. மலையும் மரமும் காற்றை மறைப்பதால் அங்கே படகு அமைதியாக நிற்கும். சுகமான இடம். அதே தீவுக்கு மேற்கே ஒரு பாய்மரக் கப்பல் போகிறது என்று வையுங்கள். கப்பலிலிருந்து பார்த்தால் காற்று போய்ச் சேரும் பக்கத்தில் இருப்பது தீவின் மேற்குக் கரை. அதைக் கப்பல்காரர்கள் லீ ஷோர் என்பார்கள். காற்று தள்ளிக்கொண்டுபோய்ப் பாறையில் மோதவைக்கும் கரை அது. பாய்மரக் காலத்தில் மாலுமிகள் மிகவும் அஞ்சிய சொற்களில் ஒன்று. தீவுக்காரருக்கு அது காற்றடிக்கும் பக்கம், கப்பல்காரருக்கு லீ. முதல் லீயை நான் 'காற்று மறைவு' என்று எழுதுகிறேன். இரண்டாவதை 'காற்று கப்பலைத் தள்ளிச்சேர்க்கும் கரை' என்று நீட்டியே எழுதுகிறேன். ஒரே தமிழ்ச்சொல் போட ஆசைப்பட்டால் அடைக்கலத்துக்கும் ஆபத்துக்கும் ஒரே பெயர் வைத்ததாகிவிடும்.

இந்த பயத்திலிருந்து ஓர் அன்றாடச் சொல் பிறந்திருக்கிறது. யாரோடும் ஒட்டாமல் விலகி நிற்பவரை ஆங்கிலத்தில் அலூஃப் என்கிறார்களே, அது கப்பல் சொல். கப்பலின் மூக்கைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பி, கரையில் மோதாமல் விலகிப் போ என்று சுக்கான் பிடிப்பவருக்குக் கொடுத்த கட்டளை. கரையிலிருந்து காத்த தூரம், பிறகு மனிதரிடமிருந்து காக்கும் தூரமாகிவிட்டது. இன் தி ஆஃபிங் என்பதும் அப்படித்தான். ஆஃபிங் என்பது கரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டும் தொலைகடல். அங்கே கப்பல் தெரிந்தால் சீக்கிரம் துறைக்கு வந்துவிடும். அதனால் 'விரைவில் நடக்கவிருக்கிறது' என்று பொருள் வந்தது. இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு ஆஃப் என்ற குட்டிச்சொல்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆஃப் தனியாக வரும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 'சிசிலிக்கு ஆஃப் ஒரு படகு மூழ்கியது' என்று செய்தி வந்தால், படகு சிசிலியில் மூழ்கவில்லை, சிசிலிக்கு எதிரே உள்ள கடலில் மூழ்கியிருக்கிறது. எவ்வளவு தூரம் என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. அரைக் கிலோமீட்டராகவும் இருக்கலாம், ஐம்பது கிலோமீட்டராகவும் இருக்கலாம். 'சிசிலி அருகே' என்று எழுதினால் அருகாமையை நாமாகச் சேர்த்துவிடுகிறோம். தூரம் கொடுக்கப்படாத இடத்தில் 'சிசிலிக்கு அப்பால் கடலில்' என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தூரம் கொடுத்திருந்தாலும் நிம்மதி இல்லை, ஏனென்றால் மைல் இரண்டு வகை. தரை மைல் 1,609 மீட்டர். கடல் மைல் 1,852 மீட்டர். 1929இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட அளவு. பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு வரும் தூரம் என்பது அதன் அடிப்படை. 'கரையிலிருந்து 20 மைல்' என்றால் ஒரு கணக்கில் 32 கிலோமீட்டர், இன்னொரு கணக்கில் 37. கப்பல், வானிலை, சட்டம் சார்ந்த ஆவணமாக இருந்தால் பெரும்பாலும் கடல் மைல்தான். பொதுச் செய்தியாக இருந்தால் எழுதியவரைக் கேட்கவேண்டும். கேட்க முடியாவிட்டால் கிலோமீட்டராக மாற்றாமல் மைல் என்றே விட்டுவிடுவேன். தவறான துல்லியத்தைவிட அது மேல்.

அடுத்த கேள்வி, எங்கிருந்து அளப்பது? கரை என்பது ஒரு கோடு அல்லவே. ஓதம் ஏறும்போது ஓர் இடம், வற்றும்போது வேறு இடம். 1982இல் கையெழுத்தாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, வழக்கமாகத் தாழ்ந்த ஓதத்தின் நீர்க்கோட்டிலிருந்து அளக்கச் சொல்கிறது. அங்கிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர், ஒரு நாட்டின் எல்லைக்கடலாக இருக்கலாம். 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். ஏறுநீர்க் கோட்டுக்கும் வற்றுநீர்க் கோட்டுக்கும் இடைப்பட்ட ஈரப் பட்டைக்கு ஆங்கிலத்தில் ஃபோர்ஷோர் என்று பெயர். அதைக் 'கடற்கரை' என்று எழுதினால் நிலத் தகராறு ஆவணங்களில் வம்பு வரும்.

இன்ஷோர் எங்கே முடிகிறது என்பதற்கும் ஒரே விடை இல்லை. பிரிட்டன் வானிலைத் துறையின் இன்ஷோர் வாட்டர்ஸ் முன்னறிவிப்பு 12 கடல் மைல் வரை பேசும். இங்கிலாந்தின் இன்ஷோர் மீன்பிடி நிர்வாக அமைப்புகளின் அதிகாரம் 6 கடல் மைல் வரைதான். கடற்கரை மண்ணியல் படித்தவர்களுக்கோ, அலை உடையும் இடத்தைத் தாண்டினாலே ஆஃப்ஷோர் வந்துவிடும். வங்கித்துறையில் போனால் கரையே இல்லாத ஸ்விட்சர்லாந்தையும் லக்சம்பர்கையும்கூட ஆஃப்ஷோர் என்று பேசுகிறார்கள். நம்மில் பலருக்கு இந்தச் சொல் அறிமுகமானதே மென்பொருள் வேலையில்தான், அங்கே அதற்குக் கடலோடு உறவே கிடையாது. ஆகவே அகராதியிலிருந்து ஒரு எண்ணை எடுத்து ஒட்டாதீர்கள். அந்த ஆவணமே எல்லையை எங்காவது சொல்லியிருக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு பக்கங்களில்.

கண்ணால் தூரம் மதிப்பிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். தண்ணீர் ஓரத்தில் நிற்கும் ஒருவரின் கண் 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிவானம் சுமார் 4.7 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 30 மீட்டர் உயரக் குன்றில் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டர். 'கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில்' என்று ஒரு அறிக்கை சொன்னால், கரையில் நின்றா, குன்றில் நின்றா என்று பார்க்கவேண்டும். கப்பல் அடிவானத்தைத் தாண்டி உடல் மறைந்து மேல்பகுதி மட்டும் தெரிவதை ஹல் டவுன் என்பார்கள். அதுவும் ஒரு தூர அளவுதான், எண் இல்லாத அளவு.

சின்னச் சின்னதாகச் சில. அஷோர் என்றால் கரையில், கரைக்கு. அகிரவுண்ட் என்றால் அடிப்பாகம் தரைதட்டுவது. நடுக்கடல் மணல்திட்டிலும் தரைதட்டலாம், ஆகவே 'கரை ஒதுங்கியது' என்று எழுதக்கூடாது. அட் சீ என்றால் கடல் பயணத்தில் இருப்பது, இன் தி சீ என்றால் தண்ணீருக்குள் இருப்பது. ஹை சீஸ் என்பதில் உயரம் எதுவும் இல்லை, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடல். ஷோர் கடலுக்கும் ஏரிக்கும் வரும், கோஸ்ட் கடலுக்கு மட்டும், ஆற்றுக்கு பேங்க். நமக்கு எல்லாமே கரைதான்.

வடக்கு என்றால் மேலே, தெற்கு என்றால் கீழே என்றும் நம்பிவிடக்கூடாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தை டவுன் ஈஸ்ட் என்கிறார்கள். வரைபடத்தில் பாஸ்டனுக்கு மேலே இருக்கிறது. தென்மேற்குக் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு காற்றின் போக்கில் போனதால் கப்பல்காரர்களுக்கு அது 'டவுன்'. ஹவாய்த் தீவுகளில் பேசும் ஆங்கிலத்தில் வழி கேட்டால் மௌகா, மகாய் என்று பதில் வரும். முதலாவது மலைப் பக்கம், இரண்டாவது கடல் பக்கம். இரண்டும் ஹவாய் மொழிச் சொற்கள். தீவைச் சுற்றி எங்கே நின்றாலும் மலையும் கடலும் கண்ணுக்குத் தெரியும், வடக்கு தெரியாது. கரையோர மக்கள் பேச்சில் இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

பாதுகாப்பு அறிவிப்புக்கே திரும்பி வருகிறேன். அதில் இன்னொரு வரியும் என்னைத் தடுமாறவைத்தது. ரிப் கரண்ட் எனப்படும், கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரைக்கு பேரலலாக நீந்தவேண்டும் என்று இருந்தது. 'கரைக்கு இணையாக' என்று எழுதியிருந்தேன். பள்ளிக் கணக்கில் சரியான சொல். ஆனால் வேகமாகப் படித்த ஒருவர் 'கரைக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கரையை நோக்கி நீந்தவேண்டும் என்று புரிந்துகொண்டார். இழுப்புக்கு எதிராக நீந்திக் களைத்து மூழ்குவதைத் தடுக்கத்தான் அந்த வரியே. அதிகாரியும் நானும் போனில் அரைமணி நேரம் பேசி இப்படி முடித்தோம்: "இழுப்பை எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தாதீர்கள். கரை உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி இடப்பக்கமோ வலப்பக்கமோ நீந்துங்கள். இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள்." நீளம்தான். ஆனால் படிக்கிறவர் கை தானாகச் சரியான பக்கம் காட்டியது. மொழிபெயர்ப்பைக் கொடுத்து, கையை நீட்டித் திசையைக் காட்டச் சொல்வதை அதற்குப் பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன்.

காற்று வரியை இப்படித் திருத்தினோம்: "காற்று நிலத்திலிருந்து கடல் பக்கமாக அடிக்கும்போது மிதவையைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இறக்காதீர்கள்." இரண்டாவது வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. அனுமதி கேட்டுச் சேர்த்தோம்.

போன மாதம் ஒரு பழைய பயணக் குறிப்பு கைக்கு வந்தது. இரவில் துறைக்கு வந்த ஒரு பாய்மரக் கப்பல், வெளிச்சம் வரும்வரை ஸ்டாண்டிங் ஆஃப் அண்ட் ஆன் என்று இருந்தது. 'அவ்வப்போது நின்றது' என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். அதிகாரிக்குப் போன் செய்தேன். "கோடு போட்டீங்களா, தம்பி?" என்றார். போட்டிருந்தேன். ஆஃப் என்றால் கரையை விட்டு, ஆன் என்றால் கரையைப் பார்த்து. அம்புகள் இரண்டு பக்கமும் மாறிமாறி விழுந்தன. "விடியும்வரை கப்பல் கரைப் பக்கம் வருவதும் கடலுக்குள் திரும்புவதுமாகவே இருந்தது" என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன்.